பைப் வளையவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்

அக்கா, நீங்கள் அனுப்பிய வொய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்த பிள்ளை, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து கெம்பஸ் கிடைக்கவில்லை, இரண்டு மாதமாக யாரோ கொடுத்த பழைய லப்டொப்பில் முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருளில் பைப் பைப்பாக வரைகிறான், சிவப்பில் ஏதோ எழுத்து வருகிறது, ராத்திரி அதை மூடிவைத்துவிட்டு "எனக்கு இது சரிவராதும்மா, மாமாவோட கடைக்கே போறேன்" என்கிறான். இன்னொரு பக்கம் டவுனில் மூன்று மாத கோர்ஸ் ஒன்றுக்குக் காசு கேட்கிறார்கள், காதில் கிடப்பதை அடகு வைக்கலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தோட்டைக் கழற்ற வேண்டாம். பிள்ளைக்கு இது வராது என்றும் முடிவுகட்ட வேண்டாம். அவன் அனுப்பிய ஸ்கிரீன் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவன் என்ன செய்கிறான் என்று உங்களுக்குப் புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிவீர்கள்தானே? உரலின் அடியில் நட்சத்திர ஓட்டை போட்ட அச்சு இருக்கும், கை வட்டமாகச் சுற்றும், கை போன வழியெல்லாம் அந்த நட்சத்திர வடிவம் மாவாக நீளும். கணினியில் இதற்கு ஸ்வீப் என்று பெயர். அச்சு மாதிரியான குறுக்குவெட்டுக்குப் புரொஃபைல், கை போகும் வழிக்குப் பாத். தண்ணீர்க் குழாய், படிக்கட்டுக் கைப்பிடி, ஸ்பிரிங், போல்ட்டின் மரை, மோட்டார் சைக்கிள் சைலன்சர் எல்லாமே இப்படித்தான் வரையப்படுகின்றன.

இப்போது அவனுடைய பிழைக்கு வருவோம், இதை அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். தம்பி, உன் குழாயின் வெளிவிட்டம் 60 மில்லிமீற்றர், அதாவது நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு 30. நீ வளைவுக்குக் கொடுத்த ஆரை 25. வளைவின் உள்பக்கத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று கழித்துப் பார், 25இல் 30 போகாது. உள்பக்கச் சுவர் தன்னைத்தானே தாண்டி மறுபக்கம் வந்து தன் மேலேயே ஏறுகிறது, அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை, அதனால் மென்பொருள் செய்ய மறுக்கிறது. அம்மா முறுக்குப் பிழியும்போது கையை ரொம்பக் குறுக்கிச் சுற்றினால் மாவு மேல் மாவு ஏறி ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். ஆரையை 90 ஆக்கிப் பார், உடனே வரும். 90 என்று நான் சும்மா சொல்லவில்லை, உன் 60ஐப் போல ஒன்றரை மடங்கு. ஸ்டீல் பைப்புக்குக் கடையில் வாங்கும் லோங் ரேடியஸ் எல்போவில், அதாவது நீண்ட ஆரை முழங்கை வளைவில், நடுக்கோட்டு ஆரை பைப்பின் பெயரளவு விட்டத்தைப் போல, அதாவது கடையில் சொல்லும் அளவைப் போல, ஒன்றரை மடங்கு இருக்கும், ஷோர்ட் ரேடியஸில் ஒரு மடங்கு. நீ இரண்டு மாதம் சண்டை போட்டது உன் மூளையோடு இல்லை, எந்தப் பைப்பும் சம்மதிக்காத ஒரு வளைவோடு.

ஆரை சரியாக இருந்தும் பிழை வந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. நேர்கோடும் வில்லும் கண்ணுக்குத் தொட்டுக்கொண்டு இருக்கிற மாதிரித் தெரியும், நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும், அதை ஒட்டு. நேர்கோடு வில்லுக்குத் தொடலியாக இருக்கிறதா என்று பார், பள்ளிக்கூடத்தில் படித்த அதே தொடலிதான். பாத் எங்கே தொடங்குகிறதோ அந்தப் புள்ளியில், பாதைக்குச் செங்குத்தான தளத்தில் புரொஃபைலை வரை, எங்கேயோ தள்ளி வரையாதே. கைப்பிடி மாதிரி நாற்சதுர வடிவம் சுழல்படியில் ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டால், வடிவம் பாதையோடு எப்படித் திரும்ப வேண்டும் என்ற தெரிவை மாற்றிப் பார். ஃப்ரீகேட் என்ற வரைதல் மென்பொருளில் அதற்கு ஐந்து முறைகள் உண்டு, மரை வரையும்போது பெரும்பாலும் அதில் ஃப்ரெனே என்பதைத் தெரிவுசெய்வார்கள்.

இன்னொன்று. பாதை தன்னைத் தானே வெட்டக் கூடாது என்று படித்துவிட்டு, மேலே ஏறிச் சுற்றி வரும் குழாயை வரையவே முடியாது என்று எழுதியிருக்கிறாய். தெமோதரை ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய்ப் பார். பண்டாரவளையிலிருந்து வரும் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் தண்டவாளம் தன்னையே வெட்டுகிறது, நேரில் வெட்டவில்லை, உயரம் வேறு. உன் பாதையைத் தட்டையான ஸ்கெட்ச்சில் வரையாமல் முப்பரிமாணத்தில் வரை, கீழே போகும் குழாய்க்கும் மேலே போகும் குழாய்க்கும் நடுவே விட்டத்தை விட அதிகமாக உயரம் விடு.

அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் சம்பளம் கொடுப்பது பட்டன் அழுத்தத் தெரிந்ததற்கு அல்ல, எது வளையும் எது வளையாது என்று தெரிந்ததற்கு. எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது ஒரு தேயிலை ஃபெக்டரிக்கு ட்ரையர் பக்கத்துக் காற்றுக் குழாயின் முழங்கை வளைவை வரைந்து கொடுத்தேன், ஸ்வீப் போட்டு வழுவழுவென்று அழகாக. தகர வேலை பாஸ், அதாவது மேஸ்திரி, படத்தைக் கையில் வாங்கி, சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டி அட்டையை எடுத்து ஒரு பக்கமாகச் சுருட்டிக் காட்டினார், அப்புறம் அதையே குறுக்கேயும் வளைக்கப் பார்த்தார், அட்டை மடிந்து கசங்கியது. "தம்பி, தகடும் இப்படித்தான்" என்றார். தகட்டை ஒரு திசையில்தான் உருட்டலாம். அதனால் அந்த வளைவை ஐந்து துண்டாகச் சாய்த்து வெட்டி, இறால் முதுகு மாதிரி ஒட்டுவார்கள். கணினியிலும் அப்படி வரையலாம், பாதையில் வில்லுக்குப் பதிலாகச் சிறு நேர்கோடுகள் போட்டால் போதும். அந்த அட்டைப் பாடம் எந்தக் கோர்ஸிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து உங்கள் லயத்து வீட்டுக்கு வரும் குழாயை டேப் பிடித்து அளக்கட்டும், எங்கே வளைகிறது, எங்கே ஏறுகிறது, எந்த இடத்தில் எல்போ, எந்த இடத்தில் கறுப்பு ஹோஸை அப்படியே வளைத்திருக்கிறார்கள் என்று கொப்பியில் கையால் வரைந்துகொள்ளட்டும், பிறகு கணினியில் ஏற்றட்டும். ஒரு வாரம் எடுக்கும். அதை முடித்துவிட்டு இன்னொன்றை அளக்கத் தேடிப் போனான் என்றால் அவனுக்கு இந்தத் தொழில் பிடிக்கிறது. அளக்கவே அலுத்துக்கொண்டால், அப்போது வேறு வழி பேசுவோம், அதிலும் குற்றமில்லை.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. ஃப்ரீகேட் முழுக்க இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், டேட்டா கார்ட் போட்டுப் போட்டு நீங்கள் படும் பாட்டுக்கு அது பெரிய விஷயம். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது, அதைவிடப் பழையது இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாதே என்கிறான், அந்தத் திரையில் தினமும் தேவைப்படும் ஆங்கிலச் சொற்களை ஒரு கொப்பிப் பக்கத்தில் எழுதிவிடலாம், எழுதி ஒட்டிவைக்கட்டும். ஆனால் பேச்சு ஆங்கிலமும் சிங்களமும் வேலைத்தளத்தில் வேண்டும், அதை நான் மறைக்க மாட்டேன், நம் பிள்ளைகள் திறமையோடு போய் வாய் திறக்காமல் நின்று வாய்ப்பை இழப்பதைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறது.

டவுனில் காசு கேட்ட இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ, அதாவது அரசாங்கம் ஏற்கும் தேசிய தொழிற் தகைமை, உண்டா, எத்தனையாவது மட்டம்? என்.வி.கியூ ஏழு மட்டம், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 5ஐ முடித்தவனுக்கு மேலே ஏற வழி திறந்திருக்கிறது, இரத்மலானையில் இருக்கும் யுனிவோடெக் என்ற தொழிற்பயிற்சிப் பல்கலைக்கழகம் வரை போகலாம். அவர்கள் "எங்கள் சொந்தச் சான்றிதழ்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கண்டியிலும் பதுளையிலும் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே செலவு குறைவு, படவரைஞர், இயந்திரவியல் பக்கத்துக் கோர்ஸ்கள் இந்த முறை எவை, எந்த மொழியில் நடக்கின்றன என்பதை நேரில் போய்க் கேளுங்கள், ஃபோனில் கேட்டால் பாதிப் பதில்தான் வரும். போகும்போது மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியை அவனே கேட்கட்டும்.

மாமாவிடம் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள், கடை எங்கேயும் போகாது. பீலிக் குழாய்ப் படம் முடிந்ததும் ஸ்டெப் (STEP) என்ற வகைக் கோப்பாகச் சேமித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த மென்பொருளில் வரைந்திருந்தாலும் என்னிடம் திறக்கும். கையால் வரைந்த கொப்பிப் பக்கத்தின் ஃபோட்டோவும் வேண்டும், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.