மனநலம் கேள்வி–பதில்: நாலு மணிக்குத் தூக்கம், ஒன்பது மணிக்கு வகுப்பு

2021 மே 10-ல் தமிழ்நாட்டில் கொரோனாவுக்காகத் தொடங்கிய முழு ஊரடங்குக்குப் பின் கல்லூரிப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில.

கே: 2020 மார்ச்சில் விடுதியைக் காலி செய்து வந்ததிலிருந்து விடியற்காலை 4 மணி வரை தூக்கம் வருவதில்லை. 9 மணி ஆன்லைன் வகுப்பைப் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடுகிறேன். 11 மணிக்குத்தான் எழுகிறேன். பத்து மணிக்கே படுத்துப் பார்த்தும் பலனில்லை. சோம்பேறி என்கிறார் அப்பா.
– பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர், தர்மபுரி

இது சோம்பல் இல்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவை காலை வெளிச்சமும் எழுந்திருக்கும் நேரமும்தான். விடுதியில் மெஸ் நேரமும் முதல் வகுப்புக்கான ஓட்டமும் தினமும் அந்தச் சாவியைக் கொடுத்தன. வீட்டில் அது நின்றுபோனது.

சீக்கிரம் படுப்பதில் தொடங்கியதுதான் பிழை. தூக்கம் வராமல் மூன்று மணி நேரம் புரண்டால், படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிக்கொள்ளும். எழும் நேரத்தைப் பிடியுங்கள். இப்போது 11 என்றால் நாளை 10.30. மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். ஞாயிறுக்கும் அதே நேரம்தான். எழுந்த அரை மணிக்குள் மொட்டைமாடியிலோ வாசலிலோ 20 நிமிடம் இருங்கள். அறைக்குள் எவ்வளவு விளக்கு எரிந்தாலும் வெளி வெளிச்சத்துக்கு ஈடாகாது.

படுக்கையில் வகுப்பு கூடாது. ஒரே அறை வீடு என்றால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வேறு சுவரைப் பார்த்து உட்காருங்கள். இரவில் சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள், கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். மணி பார்க்காதீர்கள். குடித்த காபியில் உள்ள காஃபினில் ஏறத்தாழ பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதனால் பிற்பகல் 2 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். பகல் தூக்கம் தேவைப்பட்டால் 3 மணிக்கு முன், அலாரம் வைத்து 20 நிமிடம் மட்டும்.

முதல் ஐந்து நாள் இப்போதையைவிட மோசமாக இருக்கும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஞாயிறு பகல் வரை தூங்கினால் நகர்த்திய நேரம் மறுபடி பின்னால் போய்விடும். தூக்கக் குறைவோடு, பிடித்த விஷயத்திலும் ஆர்வமின்மை, பசியின்மை, எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டலாம்.

கே: அம்மாவுக்குக் கொரோனா, வீட்டுத் தனிமையில் இருக்கிறார். எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 98 காட்டினாலும் கால் மணிக்கு ஒருமுறை பார்க்கிறேன். மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது.
– முதுகலை மாணவி, மதுரை

முதலில் ஒன்று: நீங்கள் தொற்றாளரோடு ஒரே வீட்டில் இருப்பவர். காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது இருந்தால் பதற்றம் என்று ஒதுக்காமல் ஆர்டி-பிசிஆர் கொரோனா பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

98 காட்டும்போது விரல் மரத்துப்போவது பெரும்பாலும் மிகையாக மூச்சு வாங்குவதால். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, விரலும் உதடும் மரக்கின்றன, தலை கிறுகிறுக்கிறது. காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுக்கிறோம். 'நல்லா மூச்சை இழு' என்ற அறிவுரை இங்கே கெடுதல் செய்கிறது. மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக, வயிறு லேசாக எழும் அளவுக்கு மட்டும் இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அமைதியாக இருக்கும்போதே தினம் இருமுறை பழகாவிட்டால், படபடப்பு வரும்போது கைகொடுக்காது.

ஆக்சிமீட்டருக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின், கையை ஆட்டாமல், எண் நிலைத்ததும் நோட்டில் குறியுங்கள். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, சில்லிட்ட விரல் எல்லாம் தவறாகக் காட்டும். அம்மாவுக்கோ உங்களுக்கோ 94-க்குக் கீழே நின்றால் உடனே மருத்துவமனை. மற்ற நேரம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை பார்ப்பதும் சில நிமிட நிம்மதியைத் தந்து, அடுத்த சந்தேகத்தை வளர்க்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கா, ஆக்சிஜன் இருக்கா என்று ஓடும் வாட்ஸ்அப் குழுக்களையும் மியூட் செய்துவிட்டு மாலையில் ஒருமுறை பாருங்கள்.

கே: கேமராவை ஆன் செய்தால் எங்கள் வீடு தெரியும். கூச்சமாக இருக்கிறது.
– இளங்கலை மாணவி, வேலூர்

இடமில்லை, டேட்டா போதாது என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கட்டாயம் என்றால் முதுகுக்குப் பின் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள்.

கே: என் கணவர் போன மாதம் கொரோனாவில் இறந்தார். முகம்கூடப் பார்க்க முடியவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் அழவே இல்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான். 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்றான். அவனிடம் அதைப் பற்றிப் பேசாதே என்கிறார்கள் உறவினர்கள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, அழாததால் துக்கம் இல்லை என்றாகாது. ஆனால் அவன் சொன்ன அந்த வார்த்தைக்காக இன்றே அவனிடம் பேசுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துடலாம்னு தோணுதாப்பா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள். 'இனி நீதானே எங்களுக்கு' என்ற வார்த்தையும் இப்போது பாரமாகத்தான் இறங்கும். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரசு மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துப் போங்கள். தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சிநேகா அமைப்பிலும் பேசலாம்: 044-24640050. இல்லை என்று சொன்னாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. போலீஸ் கேஸ் ஆகுமோ, ஊருக்குத் தெரியுமோ என்ற பயம் வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இடையில் நிறுத்தக் கூடாது.

அவன் அப்பாவைப் பற்றி வீட்டில் பேசுங்கள். கருமாதி சுருக்கமாக முடிந்திருந்தால், ஒரு நாள் உறவினர்களை வீடியோ அழைப்பில் கூட்டி, படத்தைத் தேர்ந்தெடுப்பதையும் விளக்கேற்றுவதையும் அவனிடம் விடுங்கள். படிப்பை நிறுத்துவது பற்றிய முடிவை இந்த மாதம் எடுக்க வேண்டாம். தேர்வுக்கு அவகாசம் கேட்டு, இறப்புச் சான்றிதழ் நகலோடு துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அதை நீங்களோ அவன் தாய்மாமனோ எழுதுங்கள். அவனுக்கு இப்போது அந்தத் தெம்பு இருக்காது.