கம்ப்யூட்டரில் கண் பவர் பார்க்கும் கருவி சரியாகத்தான் அளக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

ஒரே நாளில் இரண்டு கருவியில் பார்த்தேன், ஒன்றில் −1.75, இன்னொன்றில் −2.25, எது பழுது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பழுதில்லாமல் இருக்கலாம். இந்த ஆட்டோரெஃப்ராக்டர்களைச் சோதிக்கிற வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் வைப்பது மாதிரிக் கண். கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த சின்ன உருளை. முன்னால் கருவிழி போல ஒரு வளைவு, பின்னால் விழித்திரைக்குப் பதிலாக ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு பரப்பு. பார்க்கப் பொம்மை மாதிரிதான் இருக்கும், ஆனால் செய்வது லேசான வேலை இல்லை. மனிதக் கண்ணில் நீளம் 1 மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய இரண்டரை, மூன்று டயாப்டர் (கண் பவரை அளக்கும் அலகு) கிட்டப்பார்வை வந்துவிடும். மாதிரிக் கண்ணிலும் அதே கதைதான். அதன் நீளத்தில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் போதும், கருவிக்கு அனுமதித்த பிழை முழுவதையும் அதுவே தின்றுவிடும். ஐஎஸ்ஓ 10342 என்ற தரநிலைப்படி 10 டயாப்டர் வரை 0.25, 15 டயாப்டரில் 0.50 வரைதான் கருவி தவறலாம். ஆக்சிஸ், அதாவது ஒரு திசையில் மட்டும் வேண்டிய சிலிண்டர் பவர் எந்தக் கோணத்தில் என்பது, 5 டிகிரி வரை தவறலாம்.

ஒருமுறை மாதிரிக் கண்ணை வைத்ததும் எங்கிருந்தோ ஒரு டயாப்டர் சிலிண்டர் வந்தது. கருவியைக் கழற்றிப் பாதி நாள் போனது. கடைசியில் பார்த்தால் மாதிரிக் கண்ணைத் தாங்கியில் சாய்வாகப் பொருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். அதிலிருந்து முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுவேன், கருவியை அப்புறம்.

இன்னொரு வம்பு, ஒளியின் நிறம். கண் கூசக்கூடாது, பாவை சுருங்கக்கூடாது என்று இந்தக் கருவிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அளக்கின்றன. ஆனால் நாம் பார்ப்பது அந்த ஒளியில் இல்லையே! இரண்டுக்கும் குவியும் இடம் வேறு, வித்தியாசம் முக்கால் டயாப்டருக்கு மேலேயே போகும். அதனால் மனிதக் கண்ணுக்கு ஏற்ற ஒரு திருத்தத்தைக் கருவியே உள்ளுக்குள் போட்டுக்கொள்கிறது. பிளாஸ்டிக் கண்ணுக்கு அந்தத் திருத்தம் அப்படியே பொருந்தாது. ஒரு கருவியோடு வந்த மாதிரிக் கண்ணை வேறு கம்பெனிக் கருவியில் வைத்துவிட்டு "தப்பாகக் காட்டுகிறது" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

சரி, மாதிரிக் கண்ணில் தேறிவிட்டது. அப்புறம்தான் நிஜமான தேர்வு, ஏனென்றால் பிளாஸ்டிக் கண் எதையும் உற்றுப் பார்க்காது, மனிதர்கள் பார்ப்பார்கள். கருவிக்குள் தெரியும் படம், பெரும்பாலும் ஒரு சாலையும் பலூனும், பக்கத்தில் இருக்கிறது என்று மனது நினைத்தவுடன் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி இல்லாத மைனஸைக் கூட்டிவிடும். அதைத் தளர்த்தத்தான் படத்தை மங்கவைக்கிறார்கள். குழந்தைகளிடம் இது பல சமயம் போதாது, சொட்டு மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் ஆட்களை உட்காரவைத்து ஒரே கண்ணைத் திரும்பத் திரும்ப அளப்போம். இங்கே கணக்கிலும் ஒரு குழி உண்டு. ஆக்சிஸ் ஒருமுறை 2, இன்னொருமுறை 178 என்று வந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசைதான். கண்ணை மூடிக்கொண்டு சராசரி போட்டால் 90 வரும், அதாவது நேர் குறுக்கே. ஸ்பியரையும் (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்) சிலிண்டரையும் ஆக்சிஸையும் வேறு கூறுகளாக மாற்றித்தான் கூட்ட முடியும். பிறகு, லென்ஸ் மாற்றி மாற்றி "இது தெளிவா, அதுவா" என்று கேட்டு எடுத்த பவரோடு கருவி சொன்னதை ஒப்பிடுவோம். இதில் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற எண், 0.99 என்று காட்டினால் மயங்காதீர்கள். எல்லோருக்கும் அரை டயாப்டர் கூட்டியே சொல்லும் கருவிக்கும் அதே எண்தான் வரும். 1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் விளக்கிய முறையில் ஒவ்வொருவருக்கும் வந்த வித்தியாசத்தையே எடுத்து, அதன் சராசரி எவ்வளவு, அது எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்று பார்க்க வேண்டும்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் எழுதியது ஸ்பியர் மட்டும். முதல் சீட்டில் சிலிண்டர் −0.75, இரண்டாவதில் −0.25 என்று இருந்தால், ஸ்பியரோடு சிலிண்டரில் பாதியைச் சேர்த்துப் பாருங்கள்: −2.125, −2.375. உங்களைப் பயமுறுத்திய அரை டயாப்டர் கால் டயாப்டராகிவிட்டது, அது அந்த 0.25க்குள்தான். இரண்டு சீட்டும் கையில் இருந்தால் சிலிண்டர், ஆக்சிஸ் எண்களையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.