கோடிங் தெரியாது, ஓப்பன் சோர்ஸுக்கு எழுதலாமா?

கேள்வி: கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆபீஸில் எக்செல் கிடையாது, எல்லாமே லிப்ரே ஆஃபீஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் கால்க்தான். அதன் வழிகாட்டிகளை எழுதுவதில் பங்கெடுக்க ஆசை. புரோகிராமிங் தெரியாது, ஆங்கிலம் ஏதோ சமாளிப்பேன். எங்கே தொடங்குவது? பணம் ஏதும் கிடைக்குமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாக எழுதலாம். லிப்ரே ஆஃபீஸின் கால்க் கைடு, ரைட்டர் கைடு போன்ற புத்தகங்களைத் தன்னார்வலர்கள் ரைட்டரிலேயேதான் (வேர்டு மாதிரி, லிப்ரே ஆஃபீஸில் கடிதம், கட்டுரை எழுதும் பகுதி) எழுதுகிறார்கள், அதனால் கோடிங் வேண்டாம். எஃப்1 தட்டினால் வருகிற உதவிப் பக்கங்கள் வேறு கதை, அவை எக்ஸ்எம்எல் கோப்புகள் (கோடிங் மாதிரி குறிகள் போட்டு எழுதுபவை), அந்தப் பக்கம் அப்புறம் போகலாம்.

எடுத்த எடுப்பில் புதிதாக ஒரு டுடோரியல் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது, பழையதைச் சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் வருகின்றன (2024 முதல் வருடமும் மாதமுமே பதிப்பு எண், 24.2, 24.8 என்று), புத்தகம் அந்த வேகத்துக்கு ஓட முடியாமல் பின்தங்கிவிடுகிறது. நீங்கள் தினமும் புழங்குகிற பிவட் டேபிள் மாதிரி ஒரு அத்தியாயத்தை எடுத்து, பக்கத்தில் புதிய பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதியிருக்கிறபடியே ஒவ்வொரு படியையும் செய்து பாருங்கள், தெரிந்த வேலைதானே என்று தாண்டிவிடாமல். மெனு பெயர் மாறியிருக்கும், படத்தில் இல்லாத ஒரு டிக் பாக்ஸ் முளைத்திருக்கும், சில இடத்தில் சொன்னபடி செய்தாலும் சொன்னது நடக்காது. அதையெல்லாம் ட்ராக் சேஞ்சஸை (எதை மாற்றினோம் என்று காட்டும் வசதி) போட்டுவிட்டுத் திருத்துங்கள், இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பார். ஆனால் எந்த அத்தியாயத்தை எடுக்கிறீர்கள் என்று ஆவணக் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள்.

புத்தகங்களுக்கென்று டெம்ப்ளேட் உண்டு, அதில் உள்ள ஸ்டைல்களை (தலைப்பு, பத்தி என்று பெயரிட்டு வைத்த தயார் வடிவங்கள்) மட்டுமே பயன்படுத்துங்கள். தலைப்பைக் கையால் போல்டு பண்ணிப் பெரிதாக்கி வைத்தால் அது பொருளடக்கத்தில் வராது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆபீஸ் ஃபைலைத் திறக்கவே திறக்காதீர்கள், பார்ட்டி பெயரும் பில் தொகையும் உலகத்துக்கே போய்விடும்! நாலு பொய்க் கணக்கைத் தட்டி அதைப் படமெடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்கள்தான் அங்கே தேவை, இலக்கணம் பிசகினால் சரிபார்ப்பவர் திருத்திவிடுவார், ஆனால் மெனு பெயரைத் தப்பாக எழுதினால் படிப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள் என்கிறேன், இல்லாத மெனுவை அது கூசாமல் எழுதிவிடும்.

பணம் கிடையாது. புத்தகத்தின் முன்பக்கத்தில் பங்களிப்பாளர் வரிசையில் உங்கள் பெயர் வரும், டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு விண்ணப்பித்தால் அதைக் காட்டலாம். ஒன்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கட்டற்ற உரிமத்தில் வருவதால் நீங்கள் எழுதியதை யாரும் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். அதற்குச் சம்மதம் என்றால் இறங்குங்கள்.