மேட்டூர் அணை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதா?

இல்லை, முதல் நோக்கம் டெல்டா பாசனம்தான். 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரில்தான் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்கிறோம். மின் உற்பத்தி 1937இல்தான் வந்தது. பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீரே டர்பைனைச் சுழற்றிவிட்டுக் கீழே போகிறது. அதனால் திறப்பு குறைந்தால் மின்சாரமும் குறையும்.

அப்புறம், பலரும் மறந்துவிடுவது: அங்கே ஏற்கெனவே ஊர்கள் இருந்தன. 120 அடி வரை நீர் தேங்கும் என்பதால் காவிரிக் கரை மக்கள் வீடு, வயலை விட்டு வெளியேறினார்கள். இன்றும் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி சிலை தலைகாட்டும். தேவாலயக் கோபுரமும் தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு அது வறட்சியின் அடையாளம்.