சீவிய பல் திரும்ப வளராது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிரிப்பைப் பற்றியவை. அதில் தவறே இல்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சின்னதாக ஒரு சிகிச்சை முடிந்ததும் அந்தக் கை தானாகக் கீழே இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பல்லின் மேலிருக்கும் எனாமல், நகமும் முடியும் போல வளர்வதில்லை. அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. அதனால் யார் என்ன கேட்டாலும், பல்லைக் குறைவாகச் சீவும் வழி எது என்றுதான் முதலில் தேடுவேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து 22 வயது வாசகி: சின்ன வயதிலிருந்தே முன்பற்களில் பழுப்புத் திட்டுகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மூன்று மாதத்தில் கல்யாணம். மேலே எட்டுப் பல்லுக்கும் செராமிக் கேப் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சரியாகப் பல் துலக்காததால் இது வரவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைகளிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். ஏறக்குறைய எட்டு வயது வரை இந்த ஆபத்து உண்டு. முளைக்கும்போது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். பிறகு டீயும் குழம்பும் அந்தத் துளைகளில் ஊறி ஊறிப் பழுப்பாகும். இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. உங்கள் முன்பற்கள் அதற்கு முன்பே போர் தண்ணீரில் உருவாகி முடிந்திருக்கும்.

இனி கேப். கேப் என்பது பல் முழுவதையும் மூடும் உறை. ஒரு பல்லுக்குக் கேப் மாட்ட வேண்டுமானால் சுற்றிலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் சீவியாக வேண்டும். கேட்கும்போது சின்ன அளவாகத் தெரியும். ஆனால் முன்பல்லின் எனாமலே பல இடங்களில் அவ்வளவு தடிமன்தான். நல்ல கேப் 10, 15 ஆண்டுகள் உழைக்கும். உங்களுக்கு இப்போது 22 என்றால் ஆயுளில் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் உள்ளே மிஞ்சியிருக்கும் பல் இன்னும் கொஞ்சம் தேயும். சில பற்களுக்கு ரூட் கெனாலும் தேவைப்படலாம். வெறும் நிறத்துக்காக, சொத்தையே இல்லாத எட்டுப் பற்களுக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வராது.

உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது, போதும். பழுப்பு பெரும்பாலும் எனாமலின் மேலடுக்கில்தான் தங்கும். அமிலம் கலந்த நயமான களிம்பால் மிக மெல்லிய ஒரு படலத்தை மட்டும் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் என்ற முறை இருக்கிறது. அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த ட்ரேயில் ஜெல் வைத்து வீட்டிலேயே சில வாரம் ப்ளீச்சிங். பழுப்பு மங்கிய பிறகும் வெள்ளைத் திட்டுகள் கண்ணை உறுத்தினால், நீர் போன்ற ரெசினை அந்த நுண்துளைகளுக்குள் இறக்கிச் சீராக்கலாம். குழி விழுந்த இடங்களை மட்டும் காம்போசிட்டால், அதாவது எல்லோரும் 'பல் நிற சிமெண்ட்' என்று சொல்வதால், நிரப்பலாம். இவ்வளவும் செய்து மனம் நிறையவில்லை என்றால் வெனீர் இருக்கிறது. அது பல்லின் முன்புறத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி ஒட்டும் மெல்லிய ஓடு. எனாமல் உதிர்ந்து பல் உருக்குலைந்திருந்தால் மட்டுமே கேப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் குடிக்கும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். இது தெரியாமல், நல்லது என்று நினைத்துப் பல மணி நேரம் காய்ச்சிக் கொடுக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டுக் குடிநீர் வரும் இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். வராத இடத்தில் ஆர்.ஓ. வடிகட்டி ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும்.

பல் கிளீன் பண்ணினால் இடைவெளி வந்துவிடும், பல் ஆடும் என்கிறார்களே? (மதுரை)

பல வருடக் காரை பல்லிடுக்கில் சிமெண்ட் மாதிரி உறைந்திருக்கும். அதனடியில் ஈறு வீங்கி, தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். காரையை எடுத்தால் அது அடைத்திருந்த இடம் வெளியே தெரியும். வீக்கம் வடிந்ததும் ஈறு இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்த இடைவெளி ஏற்கெனவே உண்டானது, காரை அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். ஆடும் பல்லைக் காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது என்ற நிலை வரும் வரை விட்டுவிடாதீர்கள். கிளீன் செய்த பின் சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கும். துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறவர்கள் நிறைய. அங்குதான் மெதுவாக, ஒழுங்காகத் துலக்க வேண்டும்.

கரி பேஸ்ட், எலுமிச்சை, ஆப்ப சோடா இதெல்லாம் பல்லை வெள்ளையாக்குமா? எங்கள் தாத்தா கரியும் உப்பும் வைத்துத்தான் துலக்கினார். (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

உங்கள் தாத்தா தலைமுறையில் சர்க்கரை இவ்வளவு புழங்கவில்லை. அந்தப் பற்கள் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கரியின் துகள் எனாமலை உராய்ந்து மேல்கறையை எடுக்கும், அதனால் முதல் வாரம் பளிச்சென்று தெரியும். தொடர்ந்து தேய்த்தால் எனாமலே மெலிந்து, அடியில் இருக்கும் டென்டின் தெரியத் தொடங்கும். டென்டினின் இயல்பான நிறம் மஞ்சள். ஆக, வெள்ளைக்காகத் தொடங்கியது மஞ்சளில் போய் முடியும். எலுமிச்சை இன்னும் மோசம். அமிலத்தைக் காட்டும் அளவான பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) வாயில் 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு அதற்கு வெகு கீழே இருக்கிறது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள். அந்தக் குச்சியின் நுனியை மென்று, நார் நாராக மிருதுவாக்கித்தானே தேய்த்தார்கள்? பல்லின் மேல் எது பட்டாலும் மிருதுவாகப் பட வேண்டும். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட் (தண்ணீர் போல விழுங்காமல் துப்பிவிடுவதால் மேலே சொன்ன பயம் வேண்டாம்), இரவு படுக்கும் முன் கட்டாயம் ஒரு முறை.

முறையான ப்ளீச்சிங்கில் பெராக்சைடு ஜெல் எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பொருளை வேதியியலாகச் சிதைக்கிறது. தேய்ப்பே கிடையாது. வீட்டு முறையில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. சில நாள் கூச்சம் இருக்கும். சொத்தை இருந்தால் முதலில் அடைத்துவிட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுங்கள். கேப்பும் பழைய சிமெண்டும் நிறம் மாறாது என்பதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், பியூட்டி பார்லரில் இதைச் செய்துகொள்ள வேண்டாம். ஜெல் ஈறில் பட்டால் புண்ணாகும். சொத்தைப் பல் எது என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

எட்டு வயது மகளுக்கு மேல் முன்பற்கள் நடுவே இடைவெளி. இப்போதே கம்பி போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பல் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால், முன்பற்கள் விசிறி போல விரிந்து நிற்கின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் முளைக்கும்போது இடைவெளி தானாக மூடிக்கொள்வது வழக்கம். மூடாவிட்டால் அப்போது பார்க்கலாம். நடுவில் கூடுதல் பல் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு முறை மட்டும் காட்டிவிடுங்கள்.

ஆனால் ஒன்று: யார் சொன்னாலும் அந்த இரண்டு பல்லையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்க்காதீர்கள். பேண்ட் மெல்ல வழுக்கி ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். நல்ல முன்பற்கள் இரண்டையும் இழக்க நேரிடும்.

லாரி ஓட்டுகிறேன். பாக்கு போட்டுப் போட்டுப் பல் கறுத்துவிட்டது. பெண் பார்க்கப் போகிறோம், ஒரே நாளில் கிளீன் செய்ய முடியுமா? (நாமக்கல்)

முடியும் தம்பி. ஒரே உட்காரலில் கறையை எடுத்துவிடலாம். ஆனால் இதைப் படிக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி வாய்க்குள் வைக்க முடிகிறதா? இரண்டு விரலுக்கே இறுகுகிறதா? கொஞ்சம் காரம் பட்டாலும் வாய் எரிகிறதா? கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்படுகிறதா?

இதில் ஒன்று இருந்தாலும் கறையைப் பற்றிய கவலையைத் தள்ளி வைத்துவிட்டு இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பாக்கு கன்னத்துச் சதையை நாராக்கி இறுக்கும் ஒரு நோய் இருக்கிறது. அது பிறகு புற்றுநோயாகவும் மாறக்கூடும். புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்திவிட்டது. இறுகிய வாய் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஆனால் பாக்கை இன்றே நிறுத்தினால் மேலும் இறுகுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். உங்களைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. ராத்திரியில் தூக்கம் வராமலிருக்கத்தான் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. பாக்கை விட உதவி தேவை என்பதையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

பைக்கிலிருந்து விழுந்து ரூட் கெனால் செய்த ஒரு முன்பல் மட்டும் கறுத்துவிட்டது. கேப் தான் வழியா?

பல் உடையாமல் முழுதாக இருந்தால் கேப் அவசரமில்லை. பின்பக்கத் துளை வழியாகப் பல்லுக்குள்ளேயே ப்ளீச்சிங் மருந்தை வைத்து அடைத்து, சில நாளுக்கு ஒரு முறை மாற்றுவார்கள். இரண்டு மூன்று முறையில் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு வந்துவிடுவது உண்டு. வேர் அடைப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

வயது 34. தெற்றுப்பல். கம்பி வேண்டாம், கேப் போட்டு இரண்டே வாரத்தில் நேராக்கிவிடலாம் என்கிறார்கள். (கோவை)

கோணலாக நிற்கும் பல்லை நேராகத் தெரிய வைக்க, நிறையச் சீவியாக வேண்டும். பெரும்பாலும் நல்ல பல்லுக்கே ரூட் கெனால் செய்ய நேரும். பல்லை நகர்த்துங்கள், வெட்டாதீர்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்தால் 34 என்ன, 50-லும் பல் நகரும். கம்பி தெரியக் கூடாது என்றால் அலைனர், அதாவது பல்லின் மேல் கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் உறை, இருக்கிறது. ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடவும் துலக்கவும் மட்டும் கழற்றலாம். அந்த ஒழுங்கு முடியாதவர்களுக்குக் கம்பிதான் நல்லது. எதைப் போட்டாலும் முடிந்த பிறகு, நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்து நிறுத்தும் ரிட்டெய்னரை இரவில் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

ஒரு கடைவாய்ப்பல் எடுத்தாயிற்று. பிரிட்ஜா, இம்பிளான்டா? எனக்குச் சர்க்கரை உண்டு.

பிரிட்ஜ் என்பது இருபுறமும் உள்ள பற்களைச் சீவிக் கேப் மாட்டி, அவற்றின் பிடியில் நடுவே செயற்கைப் பல்லை நிறுத்துவது. அந்தப் பற்கள் ஏற்கெனவே கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. அவை நல்ல பற்கள் என்றால், ஒன்றுக்காக இரண்டைச் சீவ வேண்டாம். இம்பிளான்ட் என்பது எலும்போடு ஒட்டி வளரும் டைட்டானியம் திருகு. 1965-இல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு வைத்தவை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாயில் உழைத்தன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால், அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை அளவு 7-ஐ ஒட்டி இருந்தால், தயங்க வேண்டியதில்லை. மிக அதிகமாக இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள். எலும்பு உறுதிக்கான மாத்திரையோ ஊசியோ எடுத்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. சீழ் பிடித்த மேல் பல்லை எடுக்காமல் வைத்திருந்தால்தான் தொற்று கண்ணைச் சுற்றிப் பரவக்கூடும்.

இதெல்லாம் தனியாரில் கட்டுப்படியாகாது. எங்கே போவது?

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கும் செலவு குறைவு. மாணவர்கள் செய்வதால் நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரேயும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும்.