திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டடத்துக்கு பிம் மாடல் தேவைதானா?

"ஆட்டோகேட் வரைபடமே இருக்கே, மூன்று மாடி பனியன் கம்பெனிக்கு பிம் எதற்கு?" என்பது கேள்வி. பிம் (BIM) என்றால், கட்டடத்தை அதன் விவரங்களோடு கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டிப் பார்க்கும் மாடல். சுவரும் தூணும் மட்டுமென்றால் தேவையில்லைங்க. சீலிங்குக்கு மேலே குழாயும் டக்ட்டும் (காற்று போகும் குழல்) ஓடும்போதுதான் பிம் காசை மிச்சம் பிடிக்கும்.

கணக்குப் போடுங்க. தளத்துக்குத் தளம் 3600 மி.மீ., பீம் 600 போனால் 3000. காப்புறையோடு டக்ட் 450, மிச்சம் 2550. அதற்கடியில் 110 மி.மீ. கழிவுக்குழாய் 12 மீட்டர் ஓடினால், 100-க்கு 1 சரிவில் கடைசியில் 120 இறங்கும். குழாயும் இறக்கமும் போக, தலைக்கு மேலே மிச்சம் 2320. தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளரும் டியூப்லைட்டும் இனிமேல்தான்! தட்டை வரைபடத்தில் இந்த இறக்கம் கண்ணில் படாது.

கட்டடம், ஸ்ட்ரக்சர், குழாய்-மின்சாரம் மூன்று மாடலுக்கும் ஒரே தொடக்கப்புள்ளியை முதலிலேயே பேசி வையுங்க. இல்லாவிட்டால் சேர்க்கும்போது கட்டடம் ஒருபக்கம், குழாய் ஒருபக்கம் நிற்கும். மாடல்களைச் சேர்த்துப் பார்க்கும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் மோதல் (ஒன்றையொன்று இடிக்கும் இடங்கள்) பார்த்தால் பட்டியல் மலைபோல வரும், பயப்படாதீங்க. பீம் அசையாது, சரிவுக்குழாயும் அவ்வளவாக அசையாது. டக்ட் நகரட்டும், மின்கம்பி போகும் கேபிள் டிரே வளையட்டும்.

குழாய் போக எங்கே ஓட்டை விடணும் என்று காட்டும் ஸ்லீவ் வரைபடம் கான்கிரீட்டுக்கு முன்பே மேஸ்திரி கையில் இருக்கணும். பிறகு பீமில் கோர் போட்டால் (மெஷினில் துளைத்தால்) கம்பி அறுபடும். கம்பி எடையை மட்டும் மாடலில் எடுக்காதீங்க. பெரும்பாலும் கம்பியே வரைந்திருக்காது, அதற்கு ஒவ்வொரு கம்பியின் அளவும் நீளமும் எழுதிய பார் பெண்டிங் அட்டவணைதான்.