ஜவ்வோடு கேட்டு வாங்குங்கள்

கேள்வி: நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு விடுமுறை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஒரே குக்கரில் முடித்துவிடப் பார்க்கிறேன். ஜவ்வு, கொழுப்பு எதுவும் இல்லாத தனிக்கறியாகக் கேட்டுத்தான் வாங்குகிறேன். எல்லாவற்றையும் போட்டு ஆறு விசில் விட்டால் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது, உருளையோ கரைந்து கூழாகிவிடுகிறது. மேலும் நாலு விசில் விட்டால் கறி நார்நாராகப் பிரிகிறதே தவிர மெத்தென்று ஆவதில்லை. மாமியாருக்குப் பல் இல்லை. குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். பப்பாளிக்காய் போடலாமா? சோடா மாவு போட்டால் சீக்கிரம் வேகும் என்கிறார்களே, போடலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பப்பாளிக்காய்க்கு அப்புறம் வருகிறேன். முதலில் கறிக்கடைக்குப் போவோம், ஏனென்றால் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஜவ்வு இல்லாத தனிக்கறி என்று கேட்டால் கடைக்காரர் தொடைப் பக்கமிருந்து வழுவழுவென்று சிவந்த கறியாகப் பார்த்துக் கொடுப்பார். பார்க்க லட்சணமாக இருக்கும். மெல்லிசாக அரிந்து வறுக்க அது நல்ல கறிதான். குழம்புக்கு ஆகாது. கொழுப்பும் ஜவ்வும் இல்லாத சதை கொதிக்கிற தண்ணீரில் கிடக்கக் கிடக்க, தன் சாற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு இறுகிப்போகும். முதலில் ரப்பர், அப்புறம் நார். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான்.

வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கச் சொல்கிற அந்த வெள்ளை ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். நடந்து, பாரம் இழுத்து, உழைத்த தசையில் அது அதிகம். பச்சையில் கயிறு போல இழுபடும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஈரத்தோடு நெடுநேரம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஜெலட்டினாக மாறும். குழம்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, மறுநாள் குளிர்ந்ததும் பாயா மாதிரி உறைந்து நிற்கிறதே, எல்லாம் இந்த ஜெலட்டின் செய்கிற வேலை. வெந்த நாருக்கு நடுவில் அது புகுந்துகொள்வதால்தான் கறி வாயில் வைத்ததும் நெகிழ்ந்து போகிறது. உங்கள் மாமியார் சாப்பிட வேண்டிய கறியைத்தான் இத்தனை நாளும் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஆகையால் அடுத்த முறை முன்னங்கால் சதை, கழுத்து, நெஞ்சுப்பகுதி என்று கேளுங்கள். ஐந்து பேருக்கு முக்கால் கிலோ கறியும், நல்லியோடு கால் கிலோ எலும்பும் சரியாக இருக்கும். துண்டுகள் பெரிய எலுமிச்சம்பழ அளவில் இருக்கட்டும். வேகும்போது நன்றாகச் சுருங்கும், சின்னதாக வெட்டினால் கடைசியில் தேடித்தான் எடுக்க வேண்டும். முடிந்தால் சனிக்கிழமை வேலை விட்டு வரும்போதே வாங்கி, கழுவி, நீரை வடித்து, ஒரு தேக்கரண்டி உப்பும் மஞ்சள்தூளும் பிசறி, மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அறுத்த சில மணி நேரத்தில் கறி விறைக்கும். ஒருநாள் குளிரில் இருந்தால் அந்த விறைப்பு தளர ஆரம்பிக்கும். உப்பை முன்னாலேயே போட்டால் கறி வேகாது என்று ஒரு பேச்சு உண்டு. நான் எத்தனையோ வருடமாக முன்னாலேயேதான் போடுகிறேன், உள்வரைக்கும் ருசி இறங்குகிறது, கறியும் நன்றாக வேகிறது.

கடைக்குப் போகும்போது மூடி போட்ட எவர்சில்வர் தூக்கைக் கொண்டுபோங்கள். கறுப்புக் கவரில் போட்டு, அதன்மேல் பேப்பரைச் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் எடுத்து வருகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. அதைவிட முக்கியமாக, நாம் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிற சாப்பாட்டை நாமே ஒளித்துத் தூக்கி வர வேண்டியதில்லை. இதைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். லைன் வீட்டில் ஒரே ஒரு கரி அடுப்பு, அதன்மேல் ஒரே ஒரு அடிகனமான பாத்திரம். அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பினதும் அம்மா கறியை ஏற்றிவிடுவார். உருளைக்கிழங்கு கழுவாமல்கூட அப்படியே மூலையில் கிடக்கும். ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதிய பிறகுதான் அதை எடுத்து வெட்டுவார். கூண்டில் ஏறி மேலே வந்து, குளித்து, அப்பா நடந்து வீடு சேர்வதற்குள் உருளை பதமாக வெந்திருக்கும். அம்மா கடிகாரம் பார்த்துச் சமைத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் குக்கரில் நடக்கிற தப்புக்கு மருந்து அந்தச் சங்குதான். கறிக்கு மணிக்கணக்கு, உருளைக்குக் கால் மணி. ஒரே பாத்திரம் என்பதற்காக இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் அண்ணனும் அக்காவும் விடியும் முன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அம்மாவும் வயதான காலத்தில் குக்கருக்கு மாறினார். குக்கரிலும் அதே வரிசைதான்: முதலில் கறி, கடைசியில் உருளை.

இப்போது அதைக் குக்கரில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். ஐந்து லிட்டர் குக்கரைக் காயவைத்து, மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விடுங்கள். எண்ணெய் நன்றாகச் சூடானதும் ஈரமில்லாமல் துடைத்த கறியில் பாதியை மட்டும் போடுங்கள். கிளறாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டால் அடிப்பக்கம் பழுப்பாகச் சிவந்து, தானே பாத்திரத்தை விட்டுக்கொண்டு வரும். திருப்பிப் போட்டுச் சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் போடுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் நீர்விட்டுக் கொதிக்குமே ஒழியச் சிவக்காது. வறுத்த மணம் குழம்பில் இறங்குவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். நேரமில்லை என்று எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அதே எண்ணெயில் ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, ஒரு தேக்கரண்டி சோம்பு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. பிறகு தோலுரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ. அது சுருண்டதும் இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, பச்சை வாசனை போக வதக்கி, மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், தக்காளி இரண்டு. அடியில் பிடித்திருக்கும் பழுப்பைத் தக்காளிச் சாற்றோடு சுரண்டி விடுங்கள், ருசியெல்லாம் அதில் இருக்கிறது. கறி, எலும்பு, அவற்றிலிருந்து வடிந்த சாறு எல்லாம் உள்ளே போகட்டும். ஒரே ஒரு சின்ன உருளையை மட்டும் பொடியாக நறுக்கி இப்போதே சேர்த்துவிடுங்கள். அது கரைந்து போகத்தான் போகிறது, கரைந்து குழம்புக்குக் கெட்டி கொடுக்கும். தேங்காய் அரைக்கிற வேலை மிச்சம். வெந்நீர் இரண்டு டம்ளர் போதும், கறியே நீர் விடும்.

மூடி வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி, அங்கிருந்து 30 நிமிடம். கிழட்டு மாட்டுக் கறியாக இருந்தால் 40. விசிலை எண்ணாதீர்கள். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் அரைமணியில் இரண்டுகூட வராது. அழுத்தம் நின்றால் போதும். குக்கருக்குள் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடாகிறது, அதனால்தான் கரி அடுப்பில் மூன்று மணி நேரம் பிடித்தது இங்கே அரைமணியில் ஆகிறது. அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டாதீர்கள். தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு துண்டைக் கரண்டியின் முதுகால் அழுத்திப் பாருங்கள். பிரிந்து கொடுத்தால் சரி. எதிர்த்து நின்றால் இன்னும் பத்து நிமிடம். கறி முழுசாக வெந்தது தெரியாமல் உருளையைத் தொடவே கூடாது.

உருளை முக்கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் ராத்திரிச் சாப்பாடாக அது ஒன்றே நிற்க வேண்டும் என்றால் அவ்வளவு வேண்டும். தோல் மெல்லிசாக, நகத்தால் சுரண்டினாலே உரிகிற புது உருளை குழம்பில் உருவம் கெடாமல் நிற்கும். செம்மண் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊட்டி உருளை கிடைத்தால் விடாதீர்கள். பச்சை நிறம் பாய்ந்ததும், நிறைய முளைவிட்டதும் வேண்டாம். நடுத்தர உருளையை இரண்டாக மட்டும் வெட்டிப் போட்டு, அது முங்குகிற அளவுக்கு வெந்நீர் சேர்த்து, உப்புப் பார்த்து, குக்கரில் வெயிட் போடாமல் ஒரு குழிவான தட்டை மூடி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். குழம்பு வற்றினால் அந்தச் சுடுதண்ணீரையே சரித்துக்கொள்ளலாம். சின்னத் தீயில் 20 நிமிடம். தக்காளியின் புளிப்பு உருளையைக் கரையவிடாமல் பிடித்து வைக்கும், அதனால் தனியாக வேகவைப்பதைவிடச் சற்று நேரம் எடுக்கும். புளி மட்டும் இதில் கரைத்து ஊற்றாதீர்கள். புளிப்பு ஏறிவிட்டால் உருளை நடுவில் கடுக்கென்று நின்றுவிடும். கடைசியில் ஒரு தேக்கரண்டி மிளகைத் தட்டித் தூவி, கொத்தமல்லி போட்டு, கால் மணி நேரம் மூடியே வையுங்கள்.

பப்பாளிக்காயில் புரதத்தை அறுக்கிற நொதி உண்டு, அது உண்மை. வறுவலுக்கோ சுட்டுத் தின்னவோ ஊறவைத்தால் உதவும். அரைமணி குக்கரில் வேகப்போகிற ஜவ்வுக்கறிக்கு அது தேவையே இல்லை, அளவு கூடினால் கறியின் மேல்பக்கம் மாவாகிவிடும். சோடா மாவு வேண்டவே வேண்டாம். கறியைக் கொஞ்சம் இளக்கும்தான், ஆனால் குழம்பில் சோப்பு வாடை அடிக்கும், உருளையை இப்போது கரைவதைவிட வேகமாகக் கரைத்துவிடும்.

பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு போதும், குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ராகிக்களி உருண்டைதான். ஒரு பாத்திரக் கணக்கு அதனால் கெடும் என்றாலும், உங்கள் வீட்டில் களி கிண்டத் தெரிந்த கை இருந்தால் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். மீந்ததை ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிடாதீர்கள். கனமான பாத்திரத்தில் கறிக்குழம்பு ஆற நெடுநேரம் பிடிக்கும், அந்த இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும். அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் தளதளவென்று கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம், உருளை மணல் மாதிரி ஆகிவிடும்.

மாமியாருக்குத் தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். குக்கரில் இருந்து முன்னங்கால் துண்டுகளாகப் பார்த்து நாலைந்து எடுத்து, கிண்ணத்தில் ஓர் உருளையோடு கரண்டியால் மசித்து, நல்லியைத் தட்டி உள்ளிருப்பதை அதன்மேல் விட்டு, குழம்பு சூடாக ஊற்றிக் கொடுங்கள். இந்த முறை அவரையே முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.